லினக்ஸ் காணாமல் போகவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது

“அண்ணே, விண்டோஸ்கூட உபுண்டு போட்டு நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. நேத்து விண்டோஸ் அப்டேட் ஆச்சு. இப்ப ஆன் பண்ணா நேரா விண்டோஸுக்கே போவுது, உபுண்டுவையே காணோம்.” புதுச்சேரி, கடலூர் பக்கம் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம், சுருக்கமாக ஓஎஸ்; அதில் ஒரு வகைதான் உபுண்டு) தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்த போன் வராமல் இருக்காது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசசர் வேண்டும். அதனால் லாஸ்பேட்டையில் காலேஜ் படிக்கிற பையனும் மஞ்சக்குப்பத்தில் கணக்கு எழுதுகிறவரும் பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனசில்லாமல் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். டேலி ஓட வேண்டும் என்பதால் விண்டோஸை விடவும் முடியாது. சரி, இரண்டையும் வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுக்கிறார்கள். நல்ல முடிவுதான். சிக்கல் வந்து சர்வீஸ் கடைக்குப் போனால் பாதி இடத்தில் கிடைக்கிற பதில், “ஃபார்மேட் பண்ணி புதுசா போட்டுடலாம்.” அதுதான் எனக்கு எரிச்சல். மேலே சொன்ன கதையில் உபுண்டு எங்கேயும் போகவில்லை, ஒரு ஃபைல்கூட அழியவில்லை. முதலில் யாரைக் கூப்பிடுவது என்று மதர்போர்டு குறித்து வைத்திருக்கும் வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இது ஏன் இப்படி என்று புரிய, பழைய கதையை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். ஐபிஎம் பிசி 1981-ல் வந்தபோது ஸ்விட்ச் போட்டதும் மதர்போர்டிலேயே இருக்கும் பயாஸ் என்ற புரோகிராம் எழுந்திருக்கும், டிஸ்கின் முதல் செக்டாரை மெமரியில் ஏற்றி, அதில் என்ன எழுதியிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும். 1983-ல் ஹார்ட் டிஸ்க் ஆதரவோடு டாஸ் என்ற ஓஎஸ்ஸின் 2.0 பதிப்பு வந்தபோது அந்த முதல் செக்டாருக்கு எம்பிஆர் என்ற அமைப்பு வந்தது. மொத்தம் 512 பைட். அதில் புரோகிராமுக்கு 446, பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்து வைக்கும் பகுதி) அட்டவணைக்கு 64, கடைசி 2 பைட் முத்திரை. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்பதால் நாலு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இடமில்லை. 2 டிபிக்கு மேலான டிஸ்க்கை முழுசாகப் பார்க்கவும் முடியாது. 446 பைட்டில் எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் மெனுவா போட முடியும்? அதனால் லினக்ஸை எழுப்பிவிடும் லிலோ, கிரப் போன்ற பூட் லோடர்கள் ஒரு சின்னத் துண்டை மட்டும் அங்கே வைத்துவிட்டு, மிச்சத்தை வேறு இடத்தில் வைத்துக்கொண்டன. கிரப், முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் சும்மா கிடக்கும் இடத்தில் கொஞ்சம், லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் மீதி என்று பிரித்து வைத்துக்கொள்ளும்.

இந்தப் பிரிவினை என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே நேரில் பார்த்தது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸும், மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் பூட் மெனு என்ற ஒன்றை முதன்முதலில் பார்த்தது அதில்தான். பாஸ் எதற்கு, இடத்தை அடைக்கிறது என்று விண்டோஸுக்குள் போய் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிடுவார்கள். அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘நோ சச் பார்ட்டிஷன்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’, பக்கத்தில் மினுக்கும் கர்சர். எம்பிஆரில் இருந்த துண்டு தன் மீதிப் பாகத்தைத் தேடுகிறது, அது இருந்த பார்ட்டிஷனே இல்லை. விண்டோஸ் டிஸ்க் போட்டு எம்பிஆரை மட்டும் திருப்பி எழுதினால் அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் மொத்தமாக ஃபார்மேட் செய்து காசு வாங்கிய கடைகளும் உண்டு.

இப்போது இருக்கிற லேப்டாப்களில் அந்தக் கதை இல்லை. பயாஸுக்கு மாற்றாக இன்டெல் தன் இட்டேனியம் மெஷின்களுக்காகத் தொடங்கிய இஎஃப்ஐ, 2005-ல் பல கம்பெனிகள் சேர்ந்த அமைப்பின் கைக்குப் போய் யூஇஎஃப்ஐ ஆனது. விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு வாங்கிய லேப்டாப் என்றால் பெரும்பாலும் இதுதான், பேச்சில் மட்டும் இதையும் பயாஸ் என்றே சொல்கிறோம். இங்கே முதல் செக்டாரில் ஒளிந்திருக்கும் துண்டுக்கு வேலையில்லை. டிஸ்கில் இஎஸ்பி என்று ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கும். ஃபேட் ஃபார்மேட்தான், பென்டிரைவில் இருக்கிற மாதிரியேதான். அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒன்று, உபுண்டுவுக்கு ஒன்று, ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் போட்டால் அதற்கு ஒன்று. ஒவ்வொருவருடைய பூட் லோடரும் அவரவர் ஃபோல்டரில் சாதாரண ஃபைலாக உட்கார்ந்திருக்கும். யாரும் யாரையும் மிதிக்க வேண்டியதே இல்லை.

ஆனால் இதில் எந்த ஃபைலை ஓட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? மதர்போர்டில் உள்ள சின்ன மெமரி. கரண்ட் போனாலும் அழியாது, என்விரேம் என்பார்கள். அதில் எண் போட்ட பதிவுகள் இருக்கும்: 0000 என்றால் விண்டோஸ் பூட் மேனேஜர், 0001 என்றால் உபுண்டு, இந்த மாதிரி. கூடவே பூட் ஆர்டர் என்று ஒரு வரி: 0001, 0000. உபுண்டு முதலில், அது முடியாவிட்டால் விண்டோஸ். லினக்ஸ் டெர்மினலில் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கமாண்டை அடித்தால் இந்தப் பட்டியல் அப்படியே வந்து விழும். ஒரு தடவையாவது அடித்துப் பாருங்கள். பாதி பயம் அதிலேயே போய்விடும்.

விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்று ஓடி தன் பூட் ஃபைலைப் புதுப்பிக்கும்போது அந்த வரி சில சமயம் 0000, 0001 என்று மாறிவிடுகிறது. பயாஸ் அப்டேட் செய்தாலும் இதே கதை நடக்கும், அதில் பதிவே அழிந்துபோவதும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பேர் விட்டுப்போனால் ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தமில்லையே, அது போலத்தான் இதுவும். ஆள் வீட்டில்தான் இருக்கிறார், பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, லேப்டாப்பை ஆன் செய்து கம்பெனியின் லோகோ வரும்போதே பூட் மெனு கீயைத் தட்டுவது. எச்பியில் எஃப்9, டெல்லிலும் லெனோவாவிலும் எஃப்12, ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். வருகிற பட்டியலில் உபுண்டு இருக்கிறதா? இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், இஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் வரிசையை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். இல்லையென்றால் பல பயாஸ்களில் ‘ஆட் பூட் ஆப்ஷன்’ என்று ஒன்று இருக்கும். அதில் இஎஸ்பிக்குள் நுழைந்து உபுண்டு ஃபோல்டரில் உள்ள ஷிம் (கிரப்பை எழுப்பும் சின்ன லோடர்) ஃபைலைக் காட்டி, ஒரு பேர் வைத்துச் சேமித்தால் பதிவு திரும்ப வந்துவிடும். அதுவும் இல்லாத பயாஸ் என்றால்தான் லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து கிரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யும் வேலை. ஃபார்மேட் என்ற பேச்சு இந்த வரிசையில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

சில லேப்டாப்கள் வேண்டுமென்றே அடம் பிடிக்கும். நீங்கள் வரிசையை எத்தனை முறை மாற்றினாலும் ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் பூட் மேனேஜரையே முதலில் ஓட்டும். ஃபர்ம்வேர் (மதர்போர்டுக்குள் இருக்கும் புரோகிராம்) எழுதியவர்கள் விண்டோஸ் தவிர வேறொன்றை வைத்துச் சோதித்தே பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அப்போது விண்டோஸுக்குள்ளிருந்தே, அட்மின் கமாண்ட் விண்டோவில் பிசிடிஎடிட் என்ற கமாண்ட் மூலம், விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பதிவின் பாதையை உபுண்டுவின் ஷிம் ஃபைலுக்குத் திருப்பிவிடுவார்கள். பதிவின் பேர் விண்டோஸ், ஓடுவது கிரப். அழகான தீர்வு இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

இனி மெனு. மெனுவைக் காட்டி ஆளைத் தேர்ந்தெடுக்க விடுவது பூட் மேனேஜர், தேர்ந்தெடுத்த கர்னலை (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) மெமரியில் ஏற்றி ஓட்டுவது பூட் லோடர். கிரப் இரண்டு வேலையும் செய்யும், அதனால்தான் அது பெரிசு, கான்ஃபிகரேஷனும் அதே அளவுக்கு இடியாப்பம். உபுண்டு, டெபியன், மின்ட் போடுகிறவருக்குக் கிரப்தான் வரும், அதை மாற்றத் தேவையும் இல்லை. ஒரே ஒரு விஷயம்: 2021-ல் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற ஓஎஸ்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஓஎஸ்-புரோபர் என்ற துணைக் கருவியைப் பாதுகாப்பு காரணம் சொல்லி இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டார்கள். கிரப் மெனுவில் விண்டோஸ் வரவில்லையே என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ஈடிசி ஃபோல்டரில் டீஃபால்ட் என்பதற்குள் உள்ள கிரப் ஃபைலைத் திறந்து, ஓஎஸ்-புரோபரை முடக்குவது பற்றிய வரியை ஃபால்ஸ் என்று மாற்றி, அப்டேட்-கிரப் ஓட்டினால் விண்டோஸ் மெனுவுக்கு வந்துவிடும்.

மூன்று நாலு ஓஎஸ் வைத்து விளையாடுகிறவர்களுக்கு நான் சொல்வது ரிஃபைண்ட் என்ற பூட் மேனேஜர். ராட் ஸ்மித் என்பவர், ரிஃபிட் என்ற பழைய மேக் கருவியிலிருந்து பிரித்து வளர்த்தது. கிரப் போல முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியலை அது நம்புவதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எல்லா டிஸ்குகளையும் துழாவி, பூட் ஆகக்கூடியது எது கிடைத்தாலும் ஐகான் போட்டுக் காட்டும். நேற்று போட்ட புது டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) இன்று தானாகத் தெரியும், நீக்கியது தானாக மறையும். பென்டிரைவிலேயே ரிஃபைண்டை வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னும் வசதி. பூட் ஆகாமல் கிடக்கிற ஒரு மெஷினில் அதைச் சொருகினால் உள்ளே யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். சிஸ்டம்டி-பூட் என்று இன்னொன்று இருக்கிறது, சின்னது, வேகமானது. ஆனால் அதில் கர்னலையே இஎஸ்பியில் வைப்பதுதான் பொதுவான வழக்கம். விண்டோஸ் போடும்போது உருவாகும் இஎஸ்பி பெரும்பாலும் 100 எம்பிதான். ஒரு கர்னலும், பூட் ஆகும்போது அதற்குத் துணையாக ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலும் சேர்ந்தாலே அது மூச்சுத் திணறும். இடம் பெரிதாக விட்டு நாமே பார்ட்டிஷன் போட்டிருந்தால் ஒழிய அதன் பக்கம் போகாதீர்கள்.

இரண்டு டிஸ்க் வைக்க இடம் இருக்கிற மெஷின் என்றால் என் வோட்டு அதற்குத்தான்: விண்டோஸுக்கு ஒரு எஸ்எஸ்டி, லினக்ஸுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் தனித்தனி இஎஸ்பி. ஒன்று கெட்டாலும் மற்றது பூட் ஆகும். இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், அல்லது பயாஸில் அணைத்துவிடுங்கள். உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரில் பூட் லோடரை இரண்டாவது டிஸ்கில் போடு என்று நாம் சொன்னாலும், முதல் டிஸ்கின் இஎஸ்பியிலேயே கொண்டுபோய்ப் போடும் பழக்கம் ரொம்ப வருஷம் இருந்தது.

இதெல்லாம் பிறகு வரும் தலைவலி. முன்கூட்டியே பார்க்க வேண்டியதில் பெரியது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷன். விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்தாலே டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடுவது உண்டு, உரிமையாளருக்கு அது தெரிவதே இல்லை. டிஸ்க்கைத் திறக்கும் சாவி டிபிஎம்முக்குள் இருக்கும். மெஷின் பூட் ஆகும் பாதையில் ஏதாவது மாறினால், செக்யூர் பூட்டை (நம்பகமான கையெழுத்து இல்லாத பூட் லோடரைத் தடுக்கும் ஏற்பாடு) அணைத்தாலோ நடுவில் கிரப் புகுந்தாலோ, டிபிஎம் சாவியைத் தராது. நீலத் திரை போட்டு 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்தக் கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். இங்கேதான் நம்ம ஊர்ச் சிக்கல். லேப்டாப் விற்ற கடைக்காரரே அவசரத்துக்கு ஒரு மெயில் ஐடி உருவாக்கி செட்டப் முடித்துக் கொடுத்திருப்பார், அந்த ஐடியும் பாஸ்வேர்டும் இன்று அவருக்கே ஞாபகம் இருக்காது. கீ அந்த அக்கவுன்ட்டில் கிடக்கும், கல்யாண போட்டோவெல்லாம் பூட்டிய டிஸ்குக்குள் கிடக்கும். ஆகவே பார்ட்டிஷனில் கை வைக்கும் முன் செட்டிங்ஸில் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கீயை எடுத்துப் பேப்பரில் எழுதி வையுங்கள், அல்லது அதை முழுதாக ஆஃப் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். பிட்லாக்கர் வேண்டும் என்கிறவர்கள் கிரப் மெனு வழியாக விண்டோஸுக்குப் போக வேண்டாம், எஃப்12 மெனுவிலேயே தேர்ந்தெடுங்கள். அந்தக் கேஸில் மதர்போர்டின் மெனுதான் இருப்பதிலேயே நல்ல பூட் மேனேஜர்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸை ஷட்டவுன் செய்தால் அது முழுசாகத் தூங்குவதில்லை, கர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுப் பாதி ஹைபர்னேட் ஆகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் எழுத விடாது, எழுத விட்டால் இன்னும் ஆபத்து. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு திரும்ப ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், லினக்ஸ் இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லை என்றால் டிஸ்க் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்; பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற, டிஸ்க்கைக் கையாளும் ஏற்பாடு ஆனில் இருக்கும். அதை நேராக அணைத்தால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். விண்டோஸை சேஃப் மோடில் ஏற வைத்து, அந்த ரீஸ்டார்ட்டின்போது பயாஸில் மாற்றினால் பிழைத்துக்கொள்ளும்.

விண்டோஸ் எந்த மோடில் போட்டிருக்கிறதோ அதே மோடில்தான் லினக்ஸும் போட வேண்டும். விண்டோஸின் ரன்னில் எம்எஸ்இன்ஃபோ32 அடித்தால் பயாஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐயா, லெகசியா (பழைய பயாஸ் முறை) என்று தெரிந்துவிடும். ஒன்று அதிலும் மற்றது இதிலுமாகப் போட்டால் எந்தப் பூட் மேனேஜராலும் ஒரே மெனுவில் இரண்டையும் ஒழுங்காகக் கொண்டுவர முடியாது.

செக்யூர் பூட்டைப் பற்றிப் பலர் சொல்வது “அணைச்சிட்டு போட்டுடு” என்பதுதான். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மாதிரியானவற்றுக்கு அந்த அவசியமே இல்லை. மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சின்ன லோடர் முதலில் ஓடி, அது கிரப்பைச் சரிபார்த்து ஓட்டும். இந்த ஏற்பாடு ஒருமுறை சறுக்கியும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, ஓட்டை உள்ள பழைய பூட் லோடர்களைத் தடுக்கும் எஸ்பேட் என்ற ஏற்பாட்டை, இரண்டு ஓஎஸ் உள்ள மெஷின்களிலும் போட்டுவிட்டது. லினக்ஸ் பூட் ஆகாமல் ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று நின்றது. அன்றும் தேவைப்பட்டது, செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய் எஸ்பேட் பதிவை நீக்குவது மட்டுமே. ஷிம்முக்குக் கையெழுத்திடும் 2011 சான்றிதழின் காலம் 2026 ஜூன் வரைதான். ஏற்கெனவே கையெழுத்தான ஷிம் அதனால் உடனே நின்றுவிடாது, ஆனால் புதிய ஷிம்கள் 2023 சான்றிதழில் வரும் என்பதால் பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போது என்விடியா டிரைவர் மாதிரி வெளி மாட்யூல் போட்டால், எம்ஓகே (நாமே மெஷினில் சேர்க்கும் சாவி) பாஸ்வேர்டு ஒன்று கேட்கும், குறைந்தது எட்டு எழுத்து. அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரையில் அதையே திரும்ப அடிக்க வேண்டும். இங்கே புதுச்சேரிக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த லேப்டாப்கள் இங்கே பல வீட்டில் உண்டு, எல்லாம் பிரெஞ்சு கீபோர்டு. லினக்ஸுக்குள் பிரெஞ்சு லேஅவுட்டில் பாஸ்வேர்டு வைத்திருப்பீர்கள், அந்த நீலத் திரை பெரும்பாலும் கீபோர்டை அமெரிக்க லேஅவுட் என்றே நினைத்துப் படிக்கும். ஏ அடித்தால் கியூ, இசட் அடித்தால் டபிள்யூ, எம் அடித்தால் அரைப்புள்ளி. எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்தினால் குறியீடுகள் விழும். பாஸ்வேர்டு தப்பு, தப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எண் இல்லாமல், இந்த ஐந்து எழுத்துகளும் இல்லாமல், சின்ன எழுத்திலேயே ஒரு பாஸ்வேர்டு வைத்தால் தொல்லை இல்லை. கிரப்பில் கமாண்ட் அடிக்கும்போதும் இதே கதைதான்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் பதற வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, யூடிசி (உலகப் பொது நேரம்) என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் மூலம் லோக்கல் ஆர்டிசி என்பதை 1 ஆக்கினால் சண்டை தீர்ந்தது. நேரம் ஐந்தரை மணி கணக்கில் இல்லாமல் பல வருஷம் பின்னால் போயிருந்தால் அது வேறு நோய்: டெஸ்க்டாப்பில் உள்ள வட்ட பேட்டரி செத்திருக்கும். சில போர்டுகளில் அதோடு பயாஸ் செட்டிங்கும் பழைய நிலைக்குப் போய், லெகசிக்கு மாறி, பூட் ஆகும் டிஸ்கே இல்லை என்று சொல்லும். சிஆர்2032 வாங்கிப் போட்டு, யூஇஎஃப்ஐயைத் திரும்ப ஆன் செய்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

ஒருநாள் லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால், பார்ட்டிஷனை அழிப்பதைக் கடைசியில் வையுங்கள். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, அது நேராக பூட் ஆகிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிறகு இஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் உபுண்டுவின் பதிவை நீக்கி, இஎஸ்பியில் உள்ள உபுண்டு ஃபோல்டரை மட்டும் அழியுங்கள், பக்கத்தில் இருக்கிற மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரில் கை படக் கூடாது. அதற்குப் பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து, அந்த இடத்தை சி டிரைவோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் சேர்க்க விடாது, அப்போது அதைத் தனி டிரைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.